தண்ணீரைக் கண்டால் சீறும் சோடியம், அணு உலையை எப்படிக் குளிர்விக்கிறது?

வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருஷம் தவறாமல் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை செய்து காட்டுவேன். மண்ணெண்ணெய் பாட்டிலுக்குள் கிடக்கும் சோடியத்தை இடுக்கியால் எடுத்து, வடிதாளில் ஒற்றி, கத்தியால் வெட்டுவேன். பனீர்க் கட்டி மாதிரி வெட்டுப்படும். வெட்டிய முகம் ஒரு நொடி வெள்ளியாக மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். பாசிப்பயறு அளவு துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால், அது உருண்டையாகிச் சீறிக்கொண்டு அங்குமிங்கும் ஓடும். வகுப்பே 'ஓ'வென்று கத்தும்.

போன தடவை அந்தச் சத்தம் அடங்கியதும் ராதாபுரத்தில் இருந்து வரும் ஒரு பையன் எழுந்தான். "சார், கூடங்குளத்துல தண்ணிய வச்சு உலையக் குளுர வைக்காங்க, சரி. கல்பாக்கத்துல இந்தச் சோடியத்த வச்சுல்லா குளுர வைக்காங்களாம்? இத நம்பி எப்படி சார் உள்ள ஊத்துனாங்க?"

நல்ல கேள்வி. அணு உலையின் கோபுரத்தைப் பார்த்தபடி பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அதைக் கேட்கும் உரிமை எல்லோரையும்விடக் கூடுதலாக உண்டு. அன்று மணி அடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில், தண்ணீருக்கு என்ன குறை? அணு உலை என்பது அடிப்படையில் ஓர் அடுப்பு. யுரேனியம் பிளக்கும்போது வெப்பம் வருகிறது. அந்த வெப்பத்தை யாராவது சுமந்து வெளியே கொண்டுவந்தால்தான் நீராவி உண்டாக்கி டர்பைனைச் சுற்ற முடியும். கூடங்குளத்தில் அந்தச் சுமைகூலி வேலையைத் தண்ணீர் செய்கிறது. ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். 320 டிகிரி வரை கொதிக்காமல் வைத்திருக்க, அதை 150 மடங்குக்கும் மேலான வளிமண்டல அழுத்தத்தில் அடைக்கிறார்கள். வீட்டுக் குக்கரில் இருப்பது ஏறத்தாழ இரண்டு மடங்கு அழுத்தம். அதற்கே விசில் வைத்திருக்கிறோம். கூடங்குளத்து உலைக்கலத்தின் எஃகுச் சுவர் கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர் தடிமன். அவ்வளவும் அழுத்தத்தைத் தாங்கத்தான்.

இன்னொரு காரணம், யுரேனியம் பிளக்கும்போது தெறிக்கும் நியூட்ரான் என்ற நுண்துகள். பூமியில் கிடைக்கும் யுரேனியத்தில் எளிதில் பிளக்கக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். மற்றது பெரும்பாலும் யுரேனியம்-238; அது லேசில் பிளக்காது. ஆனால் ஒரு நியூட்ரானை விழுங்கினால் சில நாட்களில் புளுட்டோனியமாக மாறும். புளுட்டோனியம் நல்ல எரிபொருள். எரிக்கும் அளவைவிடக் கூடுதலாகப் புளுட்டோனியத்தை உண்டாக்க வேண்டுமென்றால் நியூட்ரான்கள் வேகம் குறையாமல் ஓட வேண்டும். அந்த வகை உலையைத்தான் அதிவேக ஈனுலை என்கிறோம்.

தண்ணீர் இங்கே கெடுத்துவிடும். கோலி விளையாடியவர்களுக்கு இது தெரியும். ஒரு கோலி இன்னொரு கோலியை நேராக அடித்தால், அடித்தது அங்கேயே நின்றுவிடும். வேகம் முழுதும் மற்றதற்குப் போய்விடும். அதே கோலி ஒரு எடைக்கல்லில் மோதினால் அதே வேகத்தில் தெறித்துத் திரும்பும். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் கரு, நியூட்ரானுக்குச் சம எடை. சோடியம் 23 மடங்கு கனம். அதனால் சோடியத்துக்குள் நியூட்ரான் ஓடினால் வேகம் அவ்வளவாகக் குறையாது.

ஆக, நியூட்ரானைத் தடுக்காத, வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிற ஒரு திரவம் வேண்டும். உலோகம்தான் அதற்குப் பொருத்தம். பாயசத்தில் எவர்சில்வர் கரண்டியைப் போட்டு வைத்தால் கைப்பிடி சுடும், மர அகப்பை சுடாது அல்லவா? அந்தக் குணம்தான். அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் 1946இல் கிளமென்டைன் என்ற சிறு உலையைப் பாதரசத்தால் குளிர்வித்துப் பார்த்தார்கள். 1951 டிசம்பர் 20இல் ஐடஹோவில் இ.பி.ஆர்.-1 என்ற உலை நான்கு 200 வாட் பல்புகளை எரிய வைத்தது. அதில் ஓடியது சோடியமும் பொட்டாசியமும் கலந்த உலோகக் கலவை. அப்புறம் பெரிய உலைகளில் சோடியமே நிலைத்தது.

சோடியம் 98 டிகிரியில் உருகும். 883 டிகிரியில்தான் கொதிக்கும். இடையில் இருக்கும் அந்த நீண்ட இடைவெளிதான் அதன் பெரிய வரம். கல்பாக்கத்தில் இருக்கும் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் சோடியம் 397 டிகிரியில் உள்ளே போய் 547 டிகிரியில் வெளியே வரும். கொதிநிலைக்கு இன்னும் முந்நூறு டிகிரிக்கு மேல் பாக்கி இருப்பதால் அழுத்தமே தேவையில்லை. பிரதான கலம் ஏறத்தாழ 13 மீட்டர் அகலம். அதற்குள் 1,150 டன் சோடியம். சுவர்த் தடிமன் வெறும் 25 முதல் 40 மில்லிமீட்டர். எரிபொருள் இருக்கும் உலைக்கரு, பம்புகள், வெப்பப் பரிமாற்றிகள் எல்லாம் அந்த ஒரே குளத்துக்குள் மூழ்கி நிற்கின்றன. மேலே ஆர்கான் வாயு போர்வை மாதிரி மூடியிருக்கும். காற்று உள்ளே வராது. கலத்துக்கு வெளியே இன்னொரு கலம் உண்டு. ஒழுகினாலும் அதற்குள் தேங்கும், உலைக்கரு வெளியே தெரியும் அளவுக்கு மட்டம் இறங்காது.

இனி குறைகள். சோடியம் காற்றில் எரியும். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனையும் வெப்பத்தையும் கக்கும். 98 டிகிரிக்குக் கீழே போனால் குழாயிலேயே உறைந்துவிடும். கண்ணாடி மாதிரி ஊடுருவிப் பார்க்கவும் முடியாது. போதாததற்கு உலைக்கருவுக்குள் போய் வரும் சோடியம் கதிரியக்கம் உள்ளதாகிவிடும். அந்தக் கதிரியக்கம் பாதியாக 15 மணி நேரம் ஆகும். எழுபது எண்பது ஆண்டுகளாக எஞ்சினியர்கள் செய்த கண்டுபிடிப்புகள் பலவும் இந்தக் குறைகளுக்குச் சொன்ன பதில்கள்தான். என்னை இந்த விஷயத்தில் கட்டிப்போட்டது ஒன்று: அந்தப் பதில்களில் பல, சோடியத்தின் குணத்தையே கருவியாகப் பிடித்துக்கொண்டவை.

பம்பில் இருந்து தொடங்குவோம். சாதாரண பம்பில் தண்டு ஒன்று சுற்றும். தண்டு வெளியே வரும் இடத்தில் எவ்வளவு அடைத்தாலும் நாளடைவில் கசியும். வயல் மோட்டாரில் அந்த இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதை எல்லோரும் பார்த்திருப்போம். தண்ணீர் சொட்டினால் பரவாயில்லை, சோடியம் சொட்டினால்? இதற்கு விடை வந்தது அணு உலையில் இருந்து அல்ல, வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இருந்து. 1920களில் பெர்லினில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் நச்சுவாயு கசியாத ஃபிரிட்ஜ் ஒன்றை உருவாக்க முனைந்தார்கள். தண்டும் வேண்டாம், அடைப்பும் வேண்டாம் என்று முடிவு செய்து, குழாய்க்குள் திரவ உலோகத்தை விட்டு, வெளியில் இருந்து காந்தப்புலத்தால் தள்ளினார்கள். 1931இல் மாதிரி ஒன்று ஓடியது. ஃபிரிட்ஜாக அது சந்தைக்கு வரவில்லை. அந்தக் கருத்து பின்னாளில் ஈனுலைக்கு வந்து சேர்ந்தது.

அதன் கணக்கு பத்தாம் வகுப்புப் பாடம்தான்: ஃபிளெமிங்கின் இடக்கை விதி. நடுவிரல் மின்னோட்டம், ஆள்காட்டி விரல் காந்தப்புலம், கட்டைவிரல் விசை. சோடியம் ஓடும் குழாயின் குறுக்கே மின்னோட்டத்தைச் செலுத்தி, அதற்குச் செங்குத்தாகக் காந்தத்தை வைத்தால், உள்ளே இருக்கும் உலோகமே மோட்டாரின் சுருள் மாதிரி தள்ளப்படும். சுற்றுகிற பாகம் ஒன்றுகூட இல்லை. குழாயில் ஒரு ஓட்டையும் போடவில்லை. ஆனால் இதன் திறன் குறைவு. அதனால் கல்பாக்கத்தில் பிரதான வேலைக்குப் பெரிய சுழல் பம்புகள்தான். அவற்றின் நீண்ட தண்டு மேலிருந்து இறங்குகிறது. அடைப்பு மேலே ஆர்கான் பகுதியில் இருப்பதால் அதைச் சோடியம் தொடாது. கீழே தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது, சோடியமே உயவு. மின்காந்த பம்புகள் துணைச் சுற்றுகளில் வேலை செய்கின்றன.

அதே விதியைத் திருப்பிப் போட்டால் ஓட்டத்தை அளக்கலாம். காந்தப்புலத்துக்குள் உலோகம் ஓடினால் குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும். வேகம் கூடினால் அதுவும் கூடும். குழாய்க்கு வெளியே ஒரு காந்தம், இரண்டு கம்பிகள், அவ்வளவே. இந்த யோசனையை முதலில் ஆற்றில் சோதித்துப் பார்த்தவர் மைக்கேல் ஃபாரடே. 1832இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுகச் செம்புக் கம்பி இழுத்து, முனைகளைத் தேம்ஸ் ஆற்றில் இறக்கி, பூமியின் காந்தப்புலத்தில் ஆறு ஓடுவதால் மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார். தெளிவான விடை கிடைக்கவில்லை. நம் தாமிரபரணி மேல் 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலம் அந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்து அமைத்தது என்று சொல்வார்கள். பாளையங்கோட்டைக்கு அதன் மேல் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு ஃபாரடேயின் கம்பி நினைவுக்கு வரும். ஆற்றில் அவருக்குப் பிடிபடாதது சோடியக் குழாயில் நன்றாகவே பிடிபடுகிறது, ஏனென்றால் சோடியம் மின்சாரத்தை அவ்வளவு எளிதாகக் கடத்தும்.

கசிவைக் கண்டுபிடிப்பதும் அந்தக் குணத்தை வைத்துத்தான். சோடியக் குழாயின் மேல் பீங்கான் மணிகள் கோத்த மெல்லிய கம்பியைச் சுற்றி வைப்பார்கள். பாசிமணி மாலை மாதிரி இருக்கும். மணிகள் இருப்பதால் கம்பி குழாயைத் தொடாது. ஒரு துளி சோடியம் கசிந்து மணிகளுக்கு இடையே புகுந்தால் கம்பிக்கும் குழாய்க்கும் தொடர்பு உண்டாகி எச்சரிக்கை மணி அடிக்கும். சில இடங்களில் பைக்கில் இருப்பது போன்ற ஸ்பார்க் பிளக்கையே பொருத்துகிறார்கள். அதன் இரு முனைகளுக்கு நடுவே சோடியம் விழுந்தால் சுற்று முடிந்துவிடும். இவ்வளவு பெரிய உலைக்குக் காவல் இவ்வளவு எளிய பொருள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்து, உறைவது. மார்கழிக் குளிரில் சில வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டில் வாயில் உறைந்து நிற்கும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. உறைந்த எண்ணெயே மூடி ஆகிவிட்டது. சோடியத்துக்கான சில வால்வுகள் இப்படித்தான் இயங்குகின்றன. வால்வுத் தண்டைச் சுற்றி இருக்கும் இடைவெளியில் உலோகத் துடுப்புகளை வைத்து அந்த இடத்தை மட்டும் குளிரச் செய்கிறார்கள். சோடியம் அங்கே உறைந்து தானே அடைப்பாகிவிடும். உறைந்த சோடியம் வெண்ணெய் மாதிரி மிருதுவானது, தண்டு அதற்குள் அசையலாம். ரப்பரும் வேண்டாம், கயிறும் வேண்டாம்.

உறையக் கூடாத இடங்களில் குழாய்களுக்கு ஹீட்டர் சுற்றி, முதலில் வெறும் குழாயைச் சூடாக்கிவிட்டுத்தான் சோடியத்தை விடுவார்கள். உறைந்ததை மறுபடி உருக்கும்போது ஒரு விதி உண்டு: நடுவில் சூடுபடுத்தக் கூடாது. உருகினால் சோடியம் விரியும். இரண்டு பக்கமும் கட்டியாக அடைத்திருந்தால் விரிய இடமில்லாமல் குழாய் பிளக்கும். காலியான முனையில் இருந்து மெல்ல உருக்கிக்கொண்டே வர வேண்டும்.

சோடியத்தைச் சுத்தமாக வைத்திருக்கும் முறையை உடன்குடிப் பக்கத்து மக்கள் உடனே புரிந்துகொள்வார்கள். பனங்கற்கண்டு எப்படிச் செய்கிறார்கள்? பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி வாரக்கணக்கில் ஆறவிடுவார்கள். ஆற ஆற, கரைந்திருந்த சர்க்கரை நூலைப் பிடித்துக்கொண்டு கல்லாக வளரும். சோடியத்தில் கரைந்திருக்கும் ஆக்சைடும் ஹைட்ரைடும் அதே மாதிரிதான். சோடியத்தில் ஒரு பகுதியைத் தனியே பிரித்து, எஃகுக் கம்பி வலை நிரப்பிய தொட்டிக்குள் விட்டு, உறைநிலைக்குச் சற்று மேலே 120 டிகிரி வாக்கில் குளிர்விப்பார்கள். அழுக்கு வலையில் படிகமாக ஒட்டிக்கொள்ளும். சுத்தமான சோடியம் திரும்பிப் போகும். குளிர்ப்பொறி என்று அதற்குப் பெயர்.

இப்போது அந்தப் பையனின் உண்மையான பயத்துக்கு வருகிறேன். நீராவி உண்டாக்க வேண்டுமென்றால் சோடியமும் தண்ணீரும் எங்கேயோ ஓரிடத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்தே ஆக வேண்டும். கல்பாக்கத்தில் அந்த இடம் நீராவிக் கலம். அதில் 23 மீட்டர் நீளக் குழாய்கள் இருக்கின்றன. குழாய்க்குள் தண்ணீர், பெரும் அழுத்தத்தில், வெளியே சோடியம். நடுவே சில மில்லிமீட்டர் எஃகு. உண்மையைச் சொன்னால் முழு உலையிலும் என்னைக் கவலைப்பட வைக்கும் இடம் இதுதான்.

முதல் தற்காப்பு, உலைக்கருவைத் தொட்ட சோடியத்தை அந்தப் பக்கமே விடுவதில்லை. கதிரியக்கம் உள்ள சோடியம் தன் வெப்பத்தைக் கதிரியக்கம் இல்லாத இன்னொரு சோடியச் சுற்றுக்குக் கொடுக்கும். இரண்டாவதுதான் நீராவிக் கலத்துக்குப் போகும். இரண்டாவது தற்காப்பு, மோப்பம். ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் தண்ணீர் சோடியத்தோடு சேர்ந்து ஹைட்ரஜனை உண்டாக்கும். மெல்லிய நிக்கல் தகடு சோடியத்தைத் தடுக்கும், ஹைட்ரஜனை மட்டும் ஊடுருவ விடும். மறுபக்கம் இருக்கும் கருவி அதைக் கண்டுபிடிக்கும். இது சீக்கிரம் நடக்க வேண்டும், ஏனென்றால் ஒரு குழாயில் இருந்து பீறிடும் சூடான பீச்சு பக்கத்துக் குழாயையும் அரித்து ஓட்டையாக்கும். கசிவு பெரிதாகிவிட்டால் அழுத்தத்துக்குக் கிழியும்படி செய்த தகடு கிழிந்து, சோடியமும் வாயுவும் தனித் தொட்டிக்குப் போகும்.

இந்தப் பாடங்கள் எளிதில் கிடைத்தவை அல்ல. 1966 அக்டோபரில் அமெரிக்காவின் ஃபெர்மி-1 உலைக்குள் ஒரு சிர்க்கோனியத் தகடு கழன்று சோடியம் நுழையும் வாயை அடைத்தது. எரிபொருளில் ஒரு பகுதி உருகியது. அதன் பிறகு எரிபொருள் கட்டுகளின் அடிக்குழாயைச் சுற்றிப் பல துளைகள் வைக்கும் வழக்கம் வந்தது. ஒன்று அடைத்தாலும் மற்றவை வழியாகச் சோடியம் ஏறும். கட்டு என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கல்பாக்கத்து ஈனுலையில் ஒரு கட்டுக்குள் 217 எரிபொருள் கோல்கள், ஒவ்வொன்றும் 6.6 மில்லிமீட்டர் குறுக்களவு, பென்சிலைவிடச் சற்றே மெல்லியது. ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் நடுவே சோடியம் போகாது. அதனால் ஒவ்வொரு கோலின் மேலும் ஒரு மெல்லிய கம்பியைத் திருகுசுழலாகச் சுற்றியிருக்கிறார்கள், பம்பரத்தில் சாட்டை சுற்றுவது போல. அந்தக் கம்பி இடைவெளி விடுகிறது, கூடவே சோடியத்தைக் கலக்கியும் விடுகிறது.

ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995 டிசம்பர் 8இல் நடந்ததைக் கேட்டால் மனசு கனக்கும். குழாய்க்குள் நீட்டியிருந்த வெப்பமானியின் உறை முறிந்தது. அந்த வழியாக நூற்றுக்கணக்கான கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. தாமிரபரணி வேகமாக ஓடும்போது ஒரு மூங்கில் கழியை நட்டுப் பாருங்கள், கழி நடுங்கும். தண்ணீர் அதன் பின்னால் சுழல் சுழலாகப் பிரிந்து போவதால் வரும் நடுக்கம் அது. மோஞ்சுவிலும் அந்த நடுக்கம்தான் உறையை முறித்தது. கசிந்தது இரண்டாம் சுற்றுச் சோடியம், கதிரியக்கம் இல்லை, யாருக்கும் காயமும் இல்லை. ஆனால் நிர்வாகம் அன்றைய வீடியோவை மறைத்தது தெரியவந்ததும் மக்கள் நம்பிக்கை போய்விட்டது. அந்த உலை பிறகு ஒழுங்காக ஓடவே இல்லை. 2016இல் மூட முடிவெடுத்தார்கள். இடிந்தகரை, கூத்தங்குழி மக்களோடு பழகுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மறைப்பது கசிவைவிடக் கெடுதல் செய்யும்.

உலையை நிறுத்திய பிறகும் அடுப்பு உடனே அணையாது. எரிபொருளில் மிச்சமுள்ள கதிரியக்கத்தால் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். 2011இல் ஃபுகுஷிமாவில் மின்சாரம் போய், பம்புகள் நின்று, அந்த மிச்ச வெப்பம்தான் உலைகளைக் கெடுத்தது. கல்பாக்கத்து ஈனுலையில் இதற்கென்று நான்கு தனிச் சுற்றுகள் இருக்கின்றன. சூடான சோடியம் லேசாகி மேலே ஏறும், உயரத்தில் காற்றோடு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கனமாகிக் கீழே இறங்கும். காற்றை இழுப்பது உயரமான புகைபோக்கி. அரிசி ஆலைப் புகைபோக்கி இழுக்கும் அதே இழுவை. பம்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். சோடியம் வெப்பத்தை அவ்வளவு நன்றாகக் கடத்துவதால்தான் இது நடக்கிறது.

அமெரிக்காவில் இ.பி.ஆர்.-2 உலையில் 1986 ஏப்ரல் 3இல் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தார்கள். முழு சக்தியில் ஓடும்போது பம்புகளை நிறுத்தி, தானாக அணைக்கும் அமைப்பையும் வேண்டுமென்றே தடுத்தார்கள். சூடு கொஞ்சம் ஏறியது, கருவுக்குள் இருந்த உலோகம் விரிந்தது, நியூட்ரான்கள் கூடுதலாக வெளியேறின, உலை தானாக அடங்கியது. அது உலோக எரிபொருள். கல்பாக்கத்தில் இருப்பது ஆக்சைடு எரிபொருள். அதனால் அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சோடியத்துக்குப் பதில் ஈயத்தை வைக்கலாமே என்று கேட்கலாம். வைத்திருக்கிறார்கள். சோவியத் நாட்டின் ஆல்ஃபா வகை நீர்மூழ்கிகளில் ஈய-பிஸ்மத் கலவை ஓடியது. அது தண்ணீரோடு சண்டை போடாது. ஆனால் எஃகைக் கரைத்துத் தின்னும், பிஸ்மத்தில் இருந்து பொலோனியம் என்ற நஞ்சு உண்டாகும், துறைமுகத்தில் நிற்கும்போதும் உறையாமல் சூடாகவே வைத்திருக்க வேண்டும். தனி ஈயத்தால் குளிரும் உலை ஒன்றை ரஷ்யாவின் செவெர்ஸ்க்கில் 2021இல் கட்டத் தொடங்கினார்கள்.

கல்பாக்கத்தில் 1985இல் சிறிய சோதனை ஈனுலை இயங்கத் தொடங்கியது. 500 மெகாவாட் உலையின் கட்டுமானம் 2004இல் தொடங்கி, 2024 மார்ச்சில்தான் உலைக்கருவை நிரப்பும் வேலைக்கு வந்தது. இருபது ஆண்டு. தாமதத்தைப் பற்றிக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும் சோடியத்தோடு அவசரப்படக் கூடாது என்பதை என் ஆய்வகத்துப் பாசிப்பயறுத் துண்டே எனக்குக் கற்றுத்தந்திருக்கிறது.

மறுவாரம் வகுப்பில் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். ஒன்று மட்டும் பாக்கி வைத்திருந்தேன். "சோடியம் பாதரசம் மாதிரி பளபளன்னு இருக்கும், உள்ள ஒண்ணும் தெரியாது. எரிபொருள் மாத்தும்போது 200 டிகிரி சோடியத்துக்குள்ள ஏதாவது நீட்டிக்கிட்டு நிக்குதான்னு எப்படிப் பாப்பாங்க?" யாரும் பேசவில்லை. கடைசி பெஞ்சில் இருந்து உவரிப் பையன் ஒருவன் கை தூக்கினான்.

"எங்க அப்பா போட்டுல எக்கோ சவுண்டர் இருக்கு சார். கடலுக்கு அடியில பாறையும் மீனும் கண்ணுக்கா தெரியுது? சத்தத்த அனுப்பித் திரும்பி வாறத வச்சுத்தான பாக்கோம்."

கல்பாக்கத்திலும் அதைத்தான் செய்கிறார்கள். சூட்டைத் தாங்கும் மீயொலிக் கருவியைச் சோடியத்துக்குள் இறக்கி, சுற்றிலும் ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைக் கணக்கிட்டு, குறுக்கே எதுவும் நீட்டிக்கொண்டில்லை என்று உறுதி செய்த பிறகுதான் உலையின் மேல்மூடியைத் திருப்புகிறார்கள்.